உறை போட்ட மெஷின்

"சாவியைக் குடுங்க சார்."

எங்கள் ஆராய்ச்சி மைய இயக்குநர் டீ கப்பை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"எந்தச் சாவி?"

இந்தக் கட்டடத்தில் கேட்கக் கூடாத சாவி ஒன்றே ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த அன்றைக்கே, மெஷின் அறைக்குப் பொறுப்பானவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "லீவு கேளு, நல்ல நாற்காலி கேளு, இன்னொரு ஃபேன் கேளு. சாவியை மட்டும் எந்தக் காலத்துலயும் கேட்டுடாதம்மா." எங்களுக்குள் அவர் பெயரே சாவிக்காரர்தான், சாவி என்னவோ இயக்குநரின் சட்டைப் பையில்தான் இருந்தாலும்.

"மெஷின் ரூம் சாவி சார். நான் மெஷினை ஓட்டணும்."

"ஓட்டணுமா?" ஏதோ அவருடைய காரை ஓட்டக் கேட்டதுபோல் பார்த்தார். "முதல்ல உக்காரு."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர் பேசுவார். அவர் பேசினால் நான் தலையாட்டுவேன். வெளியே வந்த பிறகுதான், எதற்குத் தலையாட்டினோம் என்று எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வரும். மூன்று வருடமாக இதே கதை.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் விளைவது மரவள்ளிக் கிழங்கு. அதை அரைத்து மாவெடுக்கும் மில்களை நம்பித்தான் பாதிக் குடும்பங்கள் பிழைக்கின்றன. மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மில்லுக்குப் பின்னால் குவிந்துகிடந்து புளித்து நாறும். அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவருக்கு முன்னால் அந்த வாடை நுழையும். மாவையும் திப்பியையும் சேர்த்து, மண்ணில் மக்கிப்போகும் பை செய்யலாம் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கென்றே பல்கலைக்கழகத்தில் புதுமை மையம் ஒன்றைக் கட்டி, வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷினையும் வரவழைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கலவையைப் போட்டால் உள்ளே திருகு சுற்றிச் சூடாக்கித் தள்ளும். மறுபக்கம் அது பலூன்போல ஊதி, மெல்லிய படலமாக மேலே ஏறும். அப்படி ஏறுவதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

ஏனென்றால் மெஷின் எப்போதும் உறைக்குள் இருக்கும். அளவெடுத்துத் தைத்த நீல உறை, ஜிப் வைத்தது. அறைக்கு ஒரு ஷட்டர். ஷட்டர்மேல் ஒரு பேனர். 'உயர்கல்வி, புதுமை, பொருளாதார வளர்ச்சி' என்ற மூன்றையும் கோத்துக்கொண்டு ஒரு அம்பு மேலே பறக்கும். ஷட்டரைத் தூக்க வேண்டுமென்றால் முதலில் வளர்ச்சியை அவிழ்க்க வேண்டும். விருந்தினர் வரும் நாளில் மட்டும் அவிழ்த்துப் பக்கத்துச் சுவரில் கட்டுவார்கள். அவர்கள் வந்து, உறை நீக்கிய மெஷினைத் தொடாமல் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போவார்கள். மறுபடி உறை, ஷட்டர், அம்பு.

"உன் வேலை நல்லாத்தானே போகுது?" என்றார் இயக்குநர்.

"தட்டுல ஊத்திக் காயவைக்கிறேன் சார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படலம் வருது. அதுல பை தைக்க முடியாது."

"மெஷின்ல ஓட்டினா எப்படி வரும்னு கணக்குப் போட்டு எழுது. கணக்குல நீ கெட்டிக்காரியாச்சே."

"எப்படி வரும்னு யாருக்கு சார் தெரியும்? யாருமே ஓட்டினதில்லையே."

"யாரும் ஓட்டாமலா கண்ணாடிப் பெட்டியில சுருள் இருக்கு?" டீயைக் கடைசியாகக் குடித்து முடித்தார். "முதல் படலத்தை இந்த மையம் எப்பவோ செஞ்சிடுச்சும்மா. அதை இன்னும் நல்லா எப்படிச் செய்யலாம்னு எழுதறதுதான் உன் வேலை. போ. சாவி கீவின்னு மனசைப் போட்டு அலட்டிக்காத."

தலையாட்டவில்லை. ஆனால் வெளியே வந்துவிட்டேன்.

கண்ணாடிப் பெட்டி முன்கூடத்தில், வரவேற்பு மேசைக்கு எதிரே, உள்ளே சின்ன விளக்கோடு நிற்கும். அதற்குள் ஒரு படலச் சுருள். தண்ணீர்போலத் தெளிவு, ஒரு சுருக்கம் கிடையாது. கீழே பித்தளைத் தகடு: 'இப்பகுதிக் கிழங்கு மாவிலிருந்து இம்மையத்தில் உருவான முதல் மக்கும் படலம்.' மூன்று வருடமாக அதைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன். என் தட்டிலிருந்து உரிவதோ பழுப்பாக, காய்ந்த தோல்போல இருக்கும். மடித்தால் சருகாக நொறுங்கும். எனக்கு முன்னால் யாரோ இதைச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், எனக்குத்தான் கைவரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வருகிறவளுக்கு இந்த நினைப்பை யாரும் சொல்லித்தர வேண்டாம். எது சரியாக வரவில்லையென்றாலும் கோளாறு நம்மிடம்தான் என்று உள்ளுக்குள் ஏற்கெனவே முடிவுகட்டி வைத்திருப்போம்.

அன்று மதியம் சாவிக்காரர் பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம்.

"ஐயா, அதுல ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிக் குடுங்க. எப்படிக் கலந்திருக்காங்கன்னு பார்க்கணும்."

"பெட்டியைத் திறக்கவே கூடாதும்மா."

"இப்பத் திறந்துதானே இருக்கு?"

"இது துடைக்கத் திறந்தது."

"வெட்டிட்டும் துடைங்க."

வாயை ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தார். சுருளின் உள்பக்க நுனியிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாதபடி ஒரு துண்டு வெட்டித் தந்தார். "நான் குடுத்தேன்னு சொல்லிடாத. எனக்கு ஓய்வு கிட்ட வந்துடுச்சு."

மாவு எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் அயோடினை எடுத்தேன். மாவு மேல் அயோடின் பட்டால் கறுநீலமாகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அத்தனை சின்ன விஷயம் என்பதால்தான் இதுவரை யாருக்கும் தோன்றவில்லைபோல. என் பழுப்புத் தோலின் ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். என்னுடையது நிமிடத்தில் மை கொட்டியதுபோல் கறுத்தது. பெட்டிச் சுருளில் விழுந்த சொட்டு மஞ்சளாகவே உருண்டு நின்றது. நிற்கிறது, நிற்கிறது, நிறம் மாறவேயில்லை. துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டேன். அதற்கும் அதே மஞ்சள். கடைசியில் ஒரு நுனியைத் தீயில் காட்டினேன். சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தது. மெழுகுவத்தி அணைத்த வாடை.

சுத்தமான பிளாஸ்டிக். கடையில் சாமான் போட்டுத் தரும் பை.

சிரிப்பு வந்தது. என் மேசை குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூலையில் இருக்கிறது. என் சிரிப்பு அந்த மூலைக்குள்ளேயே சுற்றிவிட்டு என்னிடமே திரும்பியது. பக்கத்து மேசைக்காரி காதில் பாட்டு மாட்டியிருந்தாள்.

நேராகச் சாவிக்காரரிடம் போனேன். எரிந்த துண்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ஷட்டர் பக்கத்தில் அவருக்கென்று கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, அலுப்போடு சொன்னார்.

"மெஷினைப் பொருத்த வந்த கம்பெனி ஆளு, கையோட கொண்டுவந்த பிளாஸ்டிக் மணியைப் போட்டு ஓட்டிக் காட்டினான். வந்த சுருளை என்கிட்டக் குடுத்துட்டு விமானம் ஏறிட்டான். அப்ப இருந்த இயக்குநர் அதைப் பெட்டியில வச்சு, 'இம்மையத்தில் உருவான முதல் படலம்'னு அட்டை எழுதினாரு. பொய்யா அது? இங்கதானே ஓடுச்சு?"

"சரி."

"அடுத்தவர் வந்தாரு. 'மக்கும்'ங்கிற வார்த்தை விட்டுப்போச்சேன்னு சேர்த்தாரு. மையமே மக்கும் பைக்குத்தானே, யாரோ மறந்துட்டாங்கன்னு நினைச்சிருப்பாரு. அவருக்கு அடுத்தவர் கிழங்கு மாவைச் சேர்த்தாரு. இப்ப இருக்கிறவர் அட்டை அழுக்காயிருக்குன்னு பித்தளையில வெட்டிட்டாரு."

"நீங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லலையா?"

"ஒருத்தரும் கேக்கலையே." எழுந்து ஷட்டரைத் தட்டினார், குழந்தையைத் தட்டுவதுபோல. "ஆனா மெஷினைப் பார்த்துக்கிட்டதுல என்னைக் குறை சொல்ல முடியாது. உறையைக் கழட்டிப் பாரு, ஒரு கீறல் இருக்காது."

இயக்குநர் அறைக்கு மறுபடி போனேன். இரண்டு துண்டுகளையும் அவர் மேசைமேல் வைத்து, சொட்டு விட்டுக் காட்டினேன். அவருக்கும் வேதியியல்தான் பாடம், விளக்கம் தேவைப்படவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் திருட்டு முழி முழிப்பார், நான் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று தயாராக வந்திருந்தேன்.

"எத்தனை மேடையில சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றார், என்னிடம் இல்லை, துண்டிடம். பிறகு, "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்." சாவிக்காரரை விட்டுவிட்டேன்.

"உன் ஃப்ரெண்ட்ஸுக்கு?"

"எனக்கு ஃப்ரெண்ட்ஸ் இல்ல சார்."

நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "உக்காரும்மா" என்றார். இந்தமுறை உட்கார்ந்துவிட்டேன்.

"மெஷினை ஏன் ஓட்டவிடலன்னு உனக்குக் கோபம். ஒரு பாகம் போச்சுன்னா அது கப்பல்ல வரணும். வர்ற வரைக்கும் நான் 'பழுது'ன்னு அறிக்கை அனுப்பணும். பழுதுன்னு அனுப்பின மையத்துக்கு அடுத்த நிதி கிடையாது. ஓடாம இருக்கிற வரைக்கும் அது 'நல்ல நிலை'. நான் வந்தப்பவும் நல்ல நிலைதான், எனக்கு முன்னால இருந்தவர் வந்தப்பவும் நல்ல நிலைதான். என் காலத்துல பழுதாச்சுங்கிற பேரு எனக்கு வேணுமா?"

"அப்ப எதுக்கு சார் வாங்கினீங்க?"

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அடுத்த வாரம் நிதி குடுக்கிறவங்க வர்றாங்க. பெட்டி பக்கத்துல நீ நில்லு. தகட்டுல இருக்கிறதை உன் வாயால சொல்லு. மில் தொழிலாளி மக, அந்தக் கிழங்கு வாடையிலயே வளர்ந்தவ, நீ சொன்னா எடுபடும். மறுநாள் காலையில சாவி உன்னோடது. கெட்டுப்போனா நான் பார்த்துக்கறேன். நிஜமா நீ செஞ்சுட்டன்னு வை, தகட்டுல இருக்கிறது பொய்யே இல்ல. கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான்."

"வேணாம்னு சொன்னா? வெளியில எங்கயாவது ஓட்டிப் பார்த்துக்கிட்டா?"

"வெளியில ஓட்டினது எதுவும் உன் பட்டத்துக்குச் சேராது. விதி அப்படி. நான் போட்ட விதி இல்ல." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். சாவி அங்கேதான் இருந்தது. "யோசிச்சு வை."

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எனக்கு எரிச்சல். அவர் அயோக்கியராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் மெஷின், பட்டம், பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. சொல்லாவிட்டால் மூன்று வருடம் தட்டில் ஊற்றிக் காயவைத்ததோடு சரி. யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்து மேசைக்காரிக்குச் சித்தி ஒரு கல்லூரி முதல்வர், மாமா வக்கீல். "சித்தி, இங்க இப்படிச் சொல்றாங்க, என்ன செய்யட்டும்?" என்று போனில் கேட்டுக்கொண்டே வராந்தாவில் நடப்பாள். வராந்தா முடிவதற்குள் பதில் கையில் இருக்கும். அவள் என்னைவிடப் புத்திசாலி இல்லை. ஆனால் அவள் எதையும் முதல் தடவையாகச் செய்ததே கிடையாது. அவளுக்கு முன்னால் யாராவது ஒருவர் அந்தத் தப்பைச் செய்து முடித்திருப்பார்.

விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அத்தை, பெரியம்மா, தம்பி, மில் நம்பர், பேருந்து நிலையப் பக்கத்துக் கடை, என்னோடு படித்துப் பத்தாவதோடு நின்றுவிட்ட இரண்டு பேர். எல்லாருக்கும் என்மேல் உயிர். ஒருவருக்கும் என் கேள்வி புரியாது. படி ஏறி இறங்குகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி, "வழியில உக்காராதப்பா" என்றாள். நகர்ந்து உட்கார்ந்தேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். மில் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"என்னம்மா, இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்ப்பா. ஒண்ணு கேக்கணும்."

பின்னால் யாரோ, "பைக்காரரே, மகளா? பை எப்ப வருதுன்னு கேளு!" என்றார். பேப்பரில் மையத்தைப் பற்றிப் படம் வந்ததிலிருந்து மில்லில் அப்பாவுக்குப் பைக்காரர் என்றுதான் பெயர். கிண்டல்தான். ஆனால் அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. முதலாளிகூட ஒருநாள் மாவு படியவிடும் தொட்டிப் பக்கம் வந்து, திப்பிக் குவியலைக் காட்டி, "உன் மகதான் இதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்றாராம். அதைப் போனில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று கணக்கே இல்லை.

"அப்பா, ஒரு பெரியவர் ஒண்ணைச் சொல்லச் சொல்றாரு. அது நடக்காத விஷயம். ஆனா சொன்னா, அதை நடத்திக் காட்ட வழி பண்றேங்கிறாரு. சொல்லலாமா?"

அவர் மில் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தது தெரிந்தது.

"எனக்கு என்னம்மா தெரியும்? நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா?"

அந்த ஒரு வார்த்தை. என்ன கேட்டாலும் வீட்டில் இதுதான் கிடைக்கும். நீ படிச்சவ. கதவைத் திறந்து, மாலை போட்டு, என்னை வெளியே நிறுத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள்.

"சரிப்பா. வச்சிடறேன்."

"பை எப்ப வருதுன்னு கேக்கறாங்க."

"வரும்ப்பா."

மறுநாள் மையத்துக்குப் போகவில்லை. கால் போன போக்கில் நடந்தேன். பல்கலைக்கழக மதிலுக்குப் பின்பக்கம் பட்டறைத் தெரு. வெல்டிங், லேத்து, டயர் ஒட்டுவது. அவற்றுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையிலிருந்து புஸ்ஸென்று இடைவிடாமல் காற்றுச் சத்தம் வந்தது. வாசலில் எட்டிப் பார்த்தேன். உள்ளே, துருப்பிடித்த ஒரு மெஷினின் வாயிலிருந்து, ஆள் உயரத்துக்கு மேல், கூரையைத் தொடும்படி ஒரு பிளாஸ்டிக் பலூன் நெட்டுக்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. மெல்ல நடுங்கியபடி, வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, நிற்காமல் ஏறியது. மூன்று வருடமாக நான் படித்தது இதைத்தான். இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"யாரு? ஆபீசா?" மெஷின் பக்கத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கிரீஸ் கை, முழங்கை வரை தீக்காயத் தழும்பு. "இங்க பையெல்லாம் போடறதில்லைங்க. செடி வைக்கிற கவர் மட்டும்தான்." அவள் முதுகுக்குப் பின்னால் பைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"நான் ஆபீஸ் இல்லக்கா. படிக்கிறேன்."

"என்னத்தைப் படிக்கிற?"

"இதைத்தான்." பலூனைக் காட்டினேன்.

"இதுக்கெல்லாம் படிப்பா?" என்றாள். "சுவிட்சைப் போட்டா ஓடப்போகுது."

சொன்னேன். கிழங்கு மாவு, திப்பி, மக்கும் பை, எல்லாம் சொன்னேன். நான் பேசப் பேச அவள் கை மெஷினை விட்டு நகரவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது. மெல்லிய பைக்கு ஏற்கெனவே தடை, இனி எல்லாப் பிளாஸ்டிக் பையையும் நிறுத்தச் சட்டம் வரப்போகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. வந்துவிட்டால் இந்த மெஷினைக் கட்டிக்கொண்டு எதை ஊதுவது என்று அவளுக்கும் கவலை.

"உன் மாவு என் திருகுல கருகிப் பிடிச்சுக்கிட்டா?"

"நானே கழட்டிச் சுத்தம் பண்ணித் தர்றேன்."

"கழட்டத் தெரியுமா?"

"படத்துல பார்த்திருக்கேன்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வெல்டிங்காரர் எட்டிப் பார்த்தார். "படத்துல பார்த்திருக்காளாம்! சரி, லீவு அன்னைக்கு வா. மெஷின் சும்மாதான் கிடக்கும். கெடுத்துவச்ச, உன்னை விடமாட்டேன், சொல்லிட்டேன்."

லீவு அன்று ஒரு மூட்டைக் கலவையோடு போனேன். மெஷின் சூடாக நேரம் எடுத்தது. கலவையைப் போட்டோம். முதலில் புகை, பிறகு ரொட்டி தீய்ந்த வாடை, பிறகு மெஷின் வாயில் பழுப்பாக ஏதோ பிதுங்கியது. பட்டறை அக்கா காற்றைத் திறந்தாள். அது ஊதியது. சத்தியமாக ஊதியது. ஒரு சாண் உயரம் குமிழாக எழுந்து, பொத்துப் பொத்தென்று ஓட்டை விழுந்து, அப்படியே சரிந்து கருகியது.

"கொன்னுட்டியே என் மெஷினை!" அக்கா சுவிட்சை அடித்தாள்.

சாயங்காலம் வரை திருகைக் கழற்றி, பித்தளைப் பிரஷ்ஷால் சுரண்டினேன். அக்கா பக்கத்தில் நின்று திட்டினாள், இடையிடையே எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றும் சொன்னாள். சுரண்டும்போதுதான் புரிந்தது. கலவையில் இருந்த தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் படலத்தைப் பொத்தல் போட்டிருக்கிறது. தட்டில் ஊற்றும்போது தண்ணீர் அதுபாட்டுக்குப் பறந்துபோகும், ஒன்றும் தெரியாது. முன்கூட்டியே உலர்த்திப் போட வேண்டும். மூன்று வருடத்தில் கற்றுக்கொள்ளாத ஒன்றைப் பாதி நாளில் ஒரு கருகல் சொல்லிக்கொடுத்துவிட்டது.

வெளியே வந்தபோது கையில் அந்தக் கருகிய கட்டி இருந்தது, இன்னும் சூடு ஆறாமல். ஒரு பக்கத்தில் மட்டும் நகத்தளவு, மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவும்படி நிஜமான படலம். அதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்கா தகரக் கதவைப் பூட்டிவிட்டு, "போய்ச் சேரு" என்று வண்டியேறிப் போய்விட்டாள். போனில் படம் எடுத்தேன். பக்கத்து மேசைக்காரிக்கு அனுப்ப எழுதினேன், அழித்தேன். அப்பாவுக்கு அனுப்பினால், 'என்னம்மா இது, அடுப்புல விழுந்துடுச்சா?' என்பார். தெருவில் எல்லாரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உலகத்திலேயே அந்தக் கட்டி எவ்வளவு அழகு என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். சந்தோஷம் இவ்வளவு தனியாக வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அங்கேயே, தெரு முனையில் நின்று முடிவுசெய்தேன். இயக்குநரின் மெஷினிலிருந்தும் முதலில் வரப்போவது இப்படி ஒரு கருகல்தான். தண்ணீராய்த் தெளிந்த சுருளுக்கு நானே சாட்சி சொல்லிவிட்ட பிறகு, கருகலை எப்படி வெளியே எடுப்பேன்? மறைப்பேன். அடுத்ததையும் மறைப்பேன். கடைசியில் தகட்டில் இன்னொரு வார்த்தை சேர்த்துவிட்டு, உறையின் ஜிப்பை நானே இழுத்து மூடுவேன். பொய் சொல்லி வாங்கிய மெஷினில் நான் தோற்க முடியாது. தோற்க முடியாத இடத்தில் எனக்கு வேலையில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பட்டத்தை விடப்போகிறேன், வெளியில் வேலை செய்யப்போகிறேன்.

"அப்ப பேருக்கு முன்னால டாக்டர்னு போட மாட்டாங்களா?"

"போட மாட்டாங்கப்பா."

திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"மில்லுல என்ன சொல்றது?"

"பை இன்னும் வரலன்னு சொல்லுங்க."

"அதைச் சொல்லிக்கலாம்" என்றார். பிறகு வழக்கம்போல, "நீ படிச்சவ" என்றார். குரல்தான் வழக்கம்போல் இல்லை. நான் ஏதோ சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

விருந்தினர் வந்த அன்று பேனரை அவிழ்த்துப் பக்கத்துச் சுவரில் கட்டியிருந்தார்கள். ஷட்டர் திறந்திருந்தது. உறை நீக்கிய மெஷின் ஷோரூம் கார்போல மின்னியது. சாவிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் அதன் பக்கத்தில் நின்றார். என் விலகல் கடிதத்தை இயக்குநர் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்தேன். அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் சட்டைப் பையை லேசாகத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

ஏன் வந்தேன்? சொல்லாமல் போய்விட்டால் என் மூன்று வருடத்தையும் அந்தத் தகட்டோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். அது நடக்கக் கூடாது.

இயக்குநர் உயர்கல்வியில் ஆரம்பித்து வளர்ச்சியில் முடித்தார். "இனி எங்கள் மண்ணின் மகளே பேசுவாள்" என்று கையைக் காட்டினார். விருந்தினர்களுக்குப் புரியும்படி ஆங்கிலத்திலேயே பேசினேன். என் ஆங்கிலம் முரடு, ஆனால் தெளிவு.

"இந்தச் சுருள் கிழங்கு மாவில் செய்ததில்லை. இது பிளாஸ்டிக். இந்த மெஷினில் எங்கள் மாவை இதுவரை யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. நான் வெளியில் ஒரு பட்டறையில் ஓட்டினேன். கருகிவிட்டது."

இயக்குநரின் கழுத்து நரம்பு புடைத்தது. விருந்தினர்களின் தலைவி, நரைத்த கூந்தலை அழகாக வெட்டியிருந்த அம்மாள், புருவத்தைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். நிதானமாக, வாத்சல்யத்தோடு சிரித்தார். "இதுதான் எங்கள் பிள்ளைகள்" என்றார். "சாதித்ததைச் சொல்லச் சொன்னால், இன்னும் சாதிக்காததைச் சொல்வார்கள். அவ்வளவு அடக்கம்!"

ஒரு நொடி. பிறகு அந்த அம்மாள் கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். "அருமை, தோல்வியிலிருந்துதானே புதுமை பிறக்கிறது?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். புகைப்படக்காரர், "அந்தச் சுருளைக் கையில எடுத்துக்கங்க மேடம், கொஞ்சம் மேல தூக்கி" என்றார்.

நான் சொன்னது இவர்கள் காதில் விழுந்தது. உள்ளே மட்டும் போகவில்லை. சாவிக்காரர் ஒருவர்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நடந்தேன். இயக்குநர் இரண்டு எட்டில் என் பக்கத்துக்கு வந்தார், உதட்டில் அதே சிரிப்போடு, பல்லுக்கிடையில் பேசினார். "எங்க போற? படம் எடுக்கணும்."

"எடுத்துக்கங்க சார். உங்க மேசைமேல கடிதம் இருக்கு."

"பைத்தியமா உனக்கு? ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா..."

"தெரியும் சார்."

பின்னாலிருந்து அந்த அம்மாள் அவரைக் கூப்பிட்டாள். அவர் திரும்பியாக வேண்டும், திரும்பினார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. வந்தவர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், "உள்ள முடிஞ்சுதாம்மா?" என்றார்.

"படம் எடுக்கறாங்க. நேரமாகும்."

"எப்பவும் அதுதான் நேரமாகும்" என்று துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

வாயிலைத் தாண்டி மதிலோரமாகத் திரும்பினேன். பட்டறைத் தெருவிலிருந்து புஸ்ஸென்ற அந்தச் சத்தம் இங்கேயே கேட்டது. இன்றைக்கு லீவு நாள் இல்லை. மெஷினில் அக்காவின் சரக்கு ஓடிக்கொண்டிருக்கும், என் மாவுக்கு இடம் கிடையாது. உலர்த்தியாவது வைக்கலாம், ஒரு மூலை கொடுத்தால். வேலை நேரத்தில் வந்து நிற்கிறாயே என்று திட்டுவாள்.

திட்டட்டும் என்று நடையை எட்டிப்போட்டேன்.